உயிரோடு இருப்பவர் பெயரை வேகமாகச் சொல்லவும்

ஜெர்மனி,
15 ஜூன் 2025

அன்புள்ள தங்கை பிரகதீஸ்வரிக்கு,

அண்ணன் மதிவாணன் எழுதுவது. நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? அம்மாவின் முழங்காலுக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று படித்தேன். பாபநாசம் வரை தண்ணீர் வந்து நம் வாய்க்காலில் ஏறியதா? அம்மாவிடமே போனில் கேட்கலாம். ஆனால் மூன்றாவது வார்த்தையிலேயே "எப்பப்பா வர்ற?" என்பார். பதில் இல்லாததால் உன்னிடம் விசாரித்துக்கொள்கிறேன்.

போன மார்கழியில் எதிரொலி வராமலிருக்க நம் வீட்டு நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, எலிக்குப் பயந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் அனுப்பிய வாக்கியங்களை எல்லாம் படித்துப் பதிவு செய்தாயே, அது சித்திரையில் வெளியே போய்விட்டது. 'பொன்னி' என்று பேர் வைத்திருக்கிறோம். இனி யார் எதைத் தட்டினாலும் போன் உன் குரலில் வாசிக்கும். கண் தெரியாதவர்களுக்கு, படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஊமையாகிக் கிடக்கிற எத்தனையோ வேலைகளுக்கு அது உதவும்.

இங்கே எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் மொழிகளை மிராசுதார், குத்தகைக்காரர் என்பதுபோல் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்குக் குரல்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழ் எத்தனை கோடிப் பேர் பேசினாலும் நம் இடம் குத்தகைக்காரர் வரிசையில்தான். மலிவான போனில், இணையம் இல்லாமல், இலவசமாக ஓடுகிற தமிழ்க் குரல் என்று தேடினால் எனக்குத் தெரிந்து இப்போதைக்கு உன்னுடையது ஒன்றுதான் தேறுகிறது.

அக்கம்பக்கத்தில் சிலரைக் கேட்கவைத்து, புரிகிறதா, மனிதர் பேசுவதுபோல் இருக்கிறதா என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வாங்கி அனுப்பு. ஊரில் யாராவது நிஜமாகவே பயன்படுத்துகிறார்களா என்றும் விசாரி. என் கட்டுரைக்கு அது வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மதிவாணன்

* * *

பாபநாசம்,
2 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். மெயிலில் இப்படி எழுதினால் சிரிப்பீர்கள், தெரியும். சிரியுங்கள். தண்ணீர் ஏறிவிட்டது. நடவு முடிந்தது. தைலம் அம்மாவின் முழங்காலுக்குக் கேட்கவில்லை, பக்கத்து வீட்டு அம்மாள் முதுகுக்குக் கேட்கிறது.

மதிப்பெண் கேட்டீர்கள். அம்மா போட மறுத்துவிட்டார். "எம் பொண்ணு பேசுறதுக்கு நான் மார்க் போடணுமா?" மற்றவர்கள் முகத்துக்கு அஞ்சி நாலு, ஐந்து என்று போட்டார்கள். அதை நம்பாதீர்கள். நான் கவனித்ததைச் சொல்கிறேன்.

நில அளவான மாவைச் சுருக்கி "4 மா. நிலம்" என்று தட்டினால் பொன்னி "நான்கு மாவட்டம் நிலம்" என்கிறாள். கேட்ட அம்மா, "நாலு மாவட்டம் நம்மகிட்ட இருந்தா நான் ஏன் ரேஷன்ல நிக்கிறேன்?" என்றார். எங்கள் தலைமையாசிரியை ஹமீதா பானு மேடம் பெயரில் வரும் 'பா'வைப் பானையில் வரும் 'பா'வாகச் சொல்கிறாள். மேடம், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண்போல் தலையைக் குனிந்துகொண்டார். ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியை எப்படித்தான் கண்டுபிடிக்கிறோமோ, இதுவரை நான் யோசித்ததே இல்லை.

இன்னொன்று. வாக்கியம் முடியும் இடத்தில் குரல் மேலே போகிறது, குழந்தைக்கு "அப்புறம் என்ன ஆச்சாம்?" என்று கதை சொல்கிறாற்போல். ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் படிக்கச் சொன்னால் அப்படித்தான் வரும். பெரியவர்களுக்கான சேதிக்கு அது பொருந்தவில்லை.

யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டீர்கள். ஓரிடத்தில் கேட்டேன். பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதீர்கள்.

தங்கை,
பிரகதி

* * *

ஜெர்மனி,
7 ஜூலை 2025

அன்புள்ள பிரகதிக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். மாவட்டத்தைச் சரி செய்துவிட்டேன். 'பா' இரண்டுக்கும் ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன், பானு மேடத்திடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஓரிடத்தில் கேட்டேன் என்று எழுதி அங்கேயே நிறுத்திவிட்டாயே, எங்கே? பேருந்து நிலையமா? கூட்டுறவு சங்கமா? கட்டுரையில் அதற்கென்று ஒரு பத்தியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். போன் செய்தால் எடுக்கவில்லை. முன்பெல்லாம் பேசி அனுப்புவாய், இப்போது ஒற்றை வரி தட்டுகிறாய். பள்ளிக்கூடத்தில் வேலை அதிகமோ?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மதிவாணன்

* * *

பாபநாசம்,
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இருவரும் நலம். ஆடி முழுக்க எழுதவில்லை, கோபித்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் காலிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்: பொன்னி பாபநாசத்தில் சாவுச் சேதி சொல்கிறாள்.

செல்லதுரை சவுண்டு சர்வீஸ் ஆட்டோ நினைவிருக்கிறதா? தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்னால் ஷெனாய். நம் அப்பாவுக்கும் அதில்தான் சொன்னார்கள். அப்போதெல்லாம் செல்லதுரையே மைக்கைப் பிடித்துக் கணீரென்று சொல்வார். இப்போது அதே ஆட்டோவில் நான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம்தான் முதலில் கேட்டேன். வகுப்பில் "அ, அணில். ஆ, ஆடு" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே நானே "காலமானார்" என்றேன். அதுவும் அந்தக் கதை சொல்கிற இழுவையோடு. பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு குட்டி எழுந்து நின்று, "டீச்சர், எங்க தாத்தாவுக்கும் நீங்கதான மைக்ல சொன்னீங்க? எங்கம்மா அழுதுச்சு" என்றது.

அந்த வண்டி தெருவில் திரும்பினால் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து கேட்கிற வார்த்தை ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரியும். "யாரு?" இப்போது மளிகைக் கடையில் நான் "அரை கிலோ துவரம்பருப்பு" என்றால், முன்னால் நிற்கிற அம்மாள் திடுக்கென்று திரும்பி "யாரு?" என்கிறார். பருப்புதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு கூத்து நடந்தது. உரக்கடை தியாகராசனின் மாமனார் தவறிவிட்டார். சேதியில் "கடைத்தெரு உரக்கடை தியாகராசன் அவர்களின் மாமனார்" என்று எழுதியிருந்தது. பொன்னி "தியாகராசன் அவர்கள்" என்றதும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். மீதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. கடைசியில் "காலமானார்" மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது. தியாகராசன் யூரியா எடை போட்டுக்கொண்டிருக்கும்போது ஆட்கள் மாலையோடு வந்து நின்றார்கள். ஒருவர் வாங்கின மாலை வீணாகிவிடுமே என்று மாமனார் வீட்டு விலாசம் கேட்டுக்கொண்டு போனாராம்.

பெற்றோர் சிலர் வந்து ஹமீதா பானு மேடத்திடம் பேசினார்கள். மேடம் நல்லவர். "கொஞ்ச நாளைக்கு ஆபீஸ்ல இரும்மா, அட்டெண்டன்ஸ் வேலை பாரு. கிளாஸுக்கு வேற ஆள் போடுறேன்" என்றார். மின்விசிறி இருக்கிற அறை. வேறொன்றும் விசேஷமில்லை.

தங்கை,
பிரகதி

* * *

ஜெர்மனி,
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரகதிக்கு,

மாலைக்காரர் வரை சிரித்துக்கொண்டே படித்தேன். மின்விசிறி அறைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பத்தியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

மூச்சு வாங்கும் இடத்தை உடனே சரி செய்கிறேன். தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதற்குமுன் மகனும் மருமகனும் மாமனாரும் வரிசையாக நிற்பார்கள். எங்கே நிறுத்துவது என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை.

ஆனால் குரலைத் திரும்பப் பெற வழியில்லை, தங்கையே. யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். தெளித்த விதையைப் பொறுக்க முடியாது. இதே ஆங்கிலமாக இருந்தால் சாவுக்கு ஒரு குரல், கல்யாணத்துக்கு ஒரு குரல், ரயிலுக்கு ஒரு குரல் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். நமக்கு ஒன்றே ஒன்று. அதை முதலில் பிடித்தவர் செல்லதுரை.

நேரில் போய்ச் சொல்லிப் பார். முன்போல அவரே பேசட்டும். அவர் குரலுக்கு என்ன குறை? சின்ன வயதில் அதைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

உன் மனசு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

அண்ணன்,
மதிவாணன்

* * *

பாபநாசம்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அம்மா நலம்.

அத்தை மகள் ஷோபனாவின் கல்யாணம் கும்பகோணத்தில் நல்லபடியாக நடந்தது. உங்கள் பேரில் அம்மா ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் வைத்தார். சாப்பாடு பிரமாதம், பால் பாயசம் இரண்டாவது பந்தியிலேயே தீர்ந்துவிட்டது.

நம் வீட்டு நலங்குக்கு எல்லாம் நான்தானே பாடுவேன். ஷோபனாவுக்குப் பாடவென்று ஆடியிலிருந்தே இரண்டு பாட்டு பழகி வைத்திருந்தேன். நலங்குப் பாயில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்ததும் எடுத்தேன். முதல் அடி முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருவர், பார்வை மங்கியவர், பாபநாசத்திலிருந்து வந்தவர், தலையை நிமிர்த்தி "யாரு?" என்று கேட்டார். எல்லோருக்கும் அவர் எந்த "யாரு" கேட்கிறார் என்று தெரிந்துவிட்டது. அத்தை என் தோளைத் தொட்டு, "தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிட்டு உக்காந்துக்கம்மா" என்றார். உட்கார்ந்துகொண்டேன்.

வண்டியில் திரும்பி வரும்போது அம்மா, "கொஞ்ச நாளைக்கு நாலு பேர் முன்னால பேசாம இரேன்" என்றார். திட்டிச் சொல்லவில்லை, கெஞ்சிச் சொன்னார்.

அதனால் பேசுவதில்லை. கடையில் விரலைக் காட்டுகிறேன், பஸ்ஸில் சில்லறையைச் சரியாக நீட்டுகிறேன். போனில் என் குரலை நானே கேட்கப் பிடிக்கவில்லை, அதனால்தான் கடிதம். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். அவமானமாக இருக்கிறது, அண்ணா. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, வாயைத் திறந்தால் ஊர் பயப்படுகிறது. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்க எனக்குப் பிடிக்கவில்லை.

செல்லதுரையைப் பார்க்கப் போகிறேன். நாலு வார்த்தை கேட்காமல் வரமாட்டேன்.

பிரகதி

* * *

பாபநாசம்,
29 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதில் வரும் முன்பே எழுதுகிறேன். நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

செல்லதுரை வீடு ரயிலடிக்குப் பின்னால். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "என்னைக் கேட்காமல் எப்படி?" என்று ஆரம்பிப்பது, "உங்க பொண்ணா இருந்தா செய்வீங்களா?" என்று முடிப்பது.

அவர் வெளியே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. நான் வாயைத் திறக்கும் முன்பே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தட்டினார். "உட்காருங்கள் டீச்சர். வெயிலில் வந்திருக்கிறீர்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று என் குரல் என்னைக் கேட்டது.

தொண்டையில் புற்று. போன வருஷம் தஞ்சாவூரில் அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. ஆட்டோவை விற்க இருந்த சமயத்தில் யாரோ பொன்னியை அவர் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வண்டிக்கு மட்டும் இல்லை, வீட்டிலும் அதுதான் பேச்சு. அவர் மனைவி காத்தாயி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுச் சொன்னார்: "இத்தன வருசம் இவரு அதட்டுனா வீடு அதிரும். இப்ப குழம்புல உப்பு இல்லன்னாலும் 'குழம்பில் உப்பு இல்லையே'ன்னு உங்க குரல்ல கொஞ்சுறாரு. எனக்கு சிரிப்புதான் வருது. சண்டையே போட முடியல டீச்சர்."

அவர் மறுபடி தட்டினார். "என் பேத்தி என்னை டீச்சர் தாத்தா என்று கூப்பிடுகிறாள்." அதற்கும் குரல் கடைசியில் மேலே போயிற்று. அவருக்குச் சிரிக்கச் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

என் குரலைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? கேட்டாலும், சரி என்று அவர் என் குரலில்தான் சொல்ல வேண்டும். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். பல நாளைக்குப் பிறகு வெளி ஆளிடம் நான் பேசிய பேச்சு அது.

அண்ணா, ஆண் குரல் ஒன்று எங்காவது இருக்கிறதா? அவருக்கு ஏற்றாற்போல்?

பிரகதி

* * *

ஜெர்மனி,
12 அக்டோபர் 2025

அன்புள்ள பிரகதிக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்து வைத்துப் படித்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது இது. எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆண் குரல் தேடினேன். இருப்பவை எல்லாம் பெரிய கணினியும் இணையமும் கேட்பவை. செல்லதுரையின் போன் தாங்காது. தெரிந்தவர்களைக் கேட்டேன். எதற்கு என்று சொன்னதும் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

அதனால் நானே படிக்கிறேன். இந்த ஊரில் என் தமிழைக் கேட்டுப் பயப்பட ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னை மராட்டியன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நெல் மூட்டைக்கு இங்கே எங்கே போவது? குளிர்காலக் கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன். மாதிரி அனுப்பியிருக்கிறேன், கேட்டுத் திருத்து.

அம்மாவிடம் சொல்லாதே. மகன் குரல் தெருத்தெருவாகச் சாவுச் சேதி சொல்கிறது என்றால் தாங்கமாட்டார்.

மதிவாணன்

* * *

பாபநாசம்,
5 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நலம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலைய வாசலில் நம் நெல் நனைந்தது, மறுபடி காயவைத்துக் கொண்டுபோனோம். அதனால்தான் பதில் தாமதம்.

மாதிரியைக் கேட்டேன். டீச்சரிடம் திருத்தக் கொடுத்தால் சிவப்பு மை இருக்கத்தான் செய்யும். நீங்கள் "காலமானார்" என்று சொல்வது ரயில் தாமதமாக வரும் என்பதுபோல் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து இருந்து உங்கள் 'ழ' கொஞ்சம் இளைத்துவிட்டது. பாபநாசம் என்பதை இரண்டாக வெட்டாதீர்கள், ஒரே மூச்சில் சொல்லுங்கள். "நல்லடக்கம்" என்னும்போது அவசரப்படாதீர்கள், பஸ் ஒன்றும் போய்விடாது.

முக்கியமானது ஒன்று. உயிரோடு இருப்பவர் பெயரை வேகமாகச் சொல்லவும். மகன், மருமகன், சம்பந்தி எல்லோரையும் விடுவிடுவென்று தாண்டிப் போங்கள். போனவர் பெயருக்கு வந்ததும் நில்லுங்கள். அதற்கு முன்னும் பின்னும் இடம் விட்டு, இரண்டு முறை. அப்போதுதான் தியாகராசன் பிழைப்பார்.

பேர் என்ன வைக்கப் போகிறீர்கள்? இதுவும் நெல் பேர்தான் என்றால் மாப்பிள்ளைச் சம்பா வேண்டாம். அம்மா உங்களுக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறார். கிச்சிலிச் சம்பா இருக்கட்டும்.

அலமாரிக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு முட்டப்போகிறது.

பிரகதி

* * *

ஜெர்மனி,
1 டிசம்பர் 2025

அன்புள்ள பிரகதிக்கு,

நலம். இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. திருத்தங்களை எல்லாம் போட்டு மறுபடி படித்தேன். கிச்சிலி தயார். செல்லதுரையின் போனில் ஏற்ற வேண்டிய முறையைத் தனியாக எழுதியிருக்கிறேன். இனி அவர் வண்டிக்குப் பொன்னி தேவைப்படாது.

பொங்கலுக்கு வருவதாக இருந்தேன். திட்ட அறிக்கை பிப்ரவரியில் முடிய வேண்டுமாம். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

மதிவாணன்

* * *

பாபநாசம்,
21 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கிச்சிலியை நானே கொண்டுபோய் ஏற்றிக் கொடுத்தேன். செல்லதுரை முதலில் தயங்கினார். கேட்ட பிறகு, "இது ஆம்பிளைக் குரல். வண்டிக்கு எடுப்பாக இருக்கும்" என்று தட்டினார். அதைச் சொன்னதே கிச்சிலிதான். காத்தாயி குறுக்கே வந்து, "வண்டிக்கு எது வேணா வச்சுக்கட்டும். வீட்டுக்குள்ள டீச்சர் குரலே இருக்கட்டும். இந்தக் குரல்ல அதட்டுனா எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துரும்" என்றார். அப்படியே விட்டுவிட்டோம். பொன்னிக்கு இப்போது ஒரு சமையலறைதான் ஊர்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒன்றாம் வகுப்பை எனக்கே கொடுத்துவிட்டார் மேடம். "அ, அணில்" என்றேன். யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. அண்ணா, நான் அன்றைக்குத் தொண்டை வலிக்கிற வரைக்கும் பேசினேன். நீங்கள் செய்ததற்கு நன்றி என்று எழுதினால் அன்னியமாக இருக்கும், எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பொங்கலுக்கு வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். சரி என்றார். நலமாக இருக்கிறார்.

பிரகதி

* * *

ஜெர்மனி,
16 ஜனவரி 2026

அன்புள்ள பிரகதிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நேற்று அழைத்தபோது நீ கோயிலுக்குப் போயிருந்தாய். அம்மாதான் எடுத்தார்.

ஒன்று கேட்க வேண்டும். நான் "அம்மா" என்றேன். அவர் "யாரு?" என்றார். "அம்மா, நான்தாம்மா" என்றேன். மறுபடி "யாரு? யாருப்பா?" என்றார். மதி என்று பேர் சொன்ன பிறகுதான் "ஐயோ, நீயா" என்றார். பிறகு பேசினார், பொங்கல் பொங்கிய திசை வரைக்கும் சொன்னார்.

அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதா? இல்லை, பெற்ற தாய்க்கு என் குரல் மறந்துபோகும் அளவுக்கு நான் பேசாமல் இருந்துவிட்டேனா? எதையும் மறைக்காமல் எழுது. இரவெல்லாம் அந்த "யாரு" காதிலேயே நிற்கிறது.

மதிவாணன்

* * *

பாபநாசம்,
18 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அம்மாவின் காதுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்துத் தெருவில் குக்கர் விசில் அடித்தால் எண்ணிச் சொல்கிறார்.

நீங்கள் அம்மாவிடம் சொல்லாதே என்றீர்கள். அம்மா உங்களிடம் சொல்லாதே என்றார். இருவருக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதுதான் பழகிவிட்டதே. இப்போது எழுதிவிடுகிறேன்.

கிச்சிலி முதன்முதலில் நம் தெருவுக்கு வந்த அன்று அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். ஷெனாய் நின்று குரல் வந்தது. ஈரக் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடினார், அந்த முழங்காலோடு. தெருவில் எல்லோரும் வெளியே வந்து "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா வண்டியைப் பார்த்தபடி "எம் புள்ள" என்றார். பக்கத்து வீட்டு அம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓ என்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் போய்ச் சமாதானம் சொல்லி உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதற்குப் பிறகு வண்டி எந்தப் பக்கம் கேட்டாலும் அம்மா வாசலில் இருப்பார். பேரையோ ஊரையோ கவனிப்பதில்லை, குரலை மட்டும் கேட்கிறார். வண்டி திரும்பிப் போன பிறகு உள்ளே வந்து என்னிடம் "யாரு?" என்று கேட்பார். யார் தவறியது என்று நான் சொல்ல வேண்டும். இந்த ஒரு மாதமாக உங்கள் குரல் கேட்டால் அடுத்து அம்மா வாயில் வருவது அந்தக் கேள்விதான். போனிலும் அது தானாக வந்துவிட்டது. பேசுவது யார் என்று அவர் உங்களைக் கேட்கவில்லை, அண்ணா. யார் செத்தது என்று கேட்டார்.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மூணு வருசமா போன்ல ரெண்டு நிமிசம் நிக்க மாட்டான். இப்ப தெருவுல வந்து நின்னு நிதானமா பேசிட்டுப் போறான். அடுத்தவங்க வீட்டு எழவுல எனக்கு சந்தோசமா இருக்குடி. நானெல்லாம் ஒரு மனுசியா?" நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள். அறிக்கை முடிந்த பிறகு வந்தாலும் சரி. பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா, பசிக்குது" என்று சொல்லுங்கள். நாலு நாள் இங்கே இருந்து சட்டை எங்கே, தண்ணீர் சூடாகிவிட்டதா, கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் குரலுக்கு இந்த வீட்டில் வேறு வேலையும் இருக்கிறது என்று அம்மாவுக்குப் பழக வேண்டும்.

இங்கு நாங்கள் நலம். உங்கள் நலத்தை நேரில் அறிய ஆவல்.

தங்கை,
பிரகதீஸ்வரி